டி1 வரைபடத்தின் நிறம் கருவிக்குக் கருவி மாறுவது பற்றி

ஒரே நோயாளியின் இதய டி1 வரைபடம் (ஸ்கேனில் தூண்டப்பட்ட திசு மீண்டும் காந்தநிலைக்குத் திரும்பும் நேரமான டி1-ஐ நிறங்களால் காட்டும் படம்) ஓர் எம்ஆர்ஐ கருவியில் பச்சையாகவும் மற்றொன்றில் சிவப்பாகவும் தெரிவதால், நோய் முற்றிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். இரு படங்களிலும் நிற அட்டவணையும் (எந்த மதிப்புக்கு எந்த நிறம் என்ற வரிசை) அதன் மில்லிவிநாடி எல்லைகளும் ஒன்றுதானா என முதலில் பார்த்து, அதன்பின் இதயத் தசையின் எண் மதிப்புகளை ஒப்பிடுங்கள். 1.5 டெஸ்லா காந்தப்புல வலிமையுள்ள கருவியைவிட 3 டெஸ்லா கருவியில் டி1 இயல்பாகவே நீளும் என்பதால், அந்தந்தக் கருவிக்குரிய இயல்பு வரம்பும் தேவை.

வானவில் அட்டவணையை நீங்கள் கைவிடுவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் அதன் மஞ்சள் பட்டை மட்டும் மிகப் பிரகாசமாக இருப்பதால், மதிப்பு சீராக உயரும் இடத்திலும் இல்லாத எல்லைக்கோடு ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. டி1 படங்களுக்கு ‘லிபாரி’, டி2 (திசுவின் சமிக்ஞை மங்கும் நேரம்) படங்களுக்கு ‘நேவியா’ என்ற அட்டவணைகளை எம்ஆர் ஆய்வாளர்கள் பரிந்துரைத்துள்ளனர்; இரண்டிலும் மதிப்போடு பிரகாசமும் சீராகவே கூடுகிறது. அலகுடன் கூடிய நிறப்பட்டை இல்லாத படத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.