ஓடத் தொடங்கும் பெண்களின் கேள்விகளுக்கு உடற்கல்வி ஆசிரியை ஒருவரின் பதில்கள்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்கிறேன். வயது 34. விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். பாதிச் சுற்றிலேயே மூச்சு முட்டுகிறது. நான் தாமதமாகத் தொடங்கிவிட்டேனா அம்மா?

பதில்: இல்லை. உங்கள் வயதில் குறையில்லை, வேகம்தான் கூடுதல். கூட வருபவரிடம் தடையின்றி முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே இப்போது உங்களுக்கு உரிய வேகம். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பதை எட்டு முறை செய்யுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். கால் கடுக்க நிற்கும் வேலையில் இருப்பவருக்கு இடையிலுள்ள ஓய்வு நாள் மிக அவசியம்.

கேள்வி: மேலூரில் ஆசிரியையாக இருக்கிறேன். எழுந்ததும் டீ குடித்துவிட்டு ஓடுகிறேன். பிறகு சமைத்து, எல்லோருக்கும் பரிமாறி, பள்ளி இடைவேளையில்தான் காலை உணவு உண்கிறேன். இரண்டு மாதமாகச் சோர்வு, முடி உதிர்வு. மாடிப்படி ஏறினாலே மூச்சு இளைக்கிறது. உடல் பழகுவதற்காகப் பயிற்சியைக் கூட்டலாமா?

பதில்: தயவுசெய்து கூட்டாதீர்கள். முதலில் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பார்கள். ஆனால் அந்த அளவு சரியாக இருக்கும்போதே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கக்கூடும் என்பதால்தான் ஃபெரிட்டினையும் சேர்த்துச் சொல்கிறேன். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உணவோடு சேர்த்துக் குடிக்கும் டீ, அந்த உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். ஆகவே சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை, பயறு உண்ணும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உட்கிரகிக்கப்படும். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இட்லி சாம்பாருடன் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ உள்ளே போக வேண்டும். முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது.

வீட்டில் அனைவரும் உண்ட பிறகு எஞ்சியதை உண்பதே முறை என்று நம்மைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். ஓடும் பெண்ணுக்கு அது கேடு என்று உறுதியாகச் சொல்வேன். அடுப்பிலிருந்து இறங்கும் முதல் ஈடு இட்லியில் உங்கள் பங்கை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு ஈடான உணவில்லாமல் தொடர்ந்து ஓடினால் மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பும் வலுவிழக்கும். கர்ப்பம் இல்லாத நிலையில் மூன்று மாதம் விலக்கு வராவிட்டால், அதை ஓட்டத்தின் இயல்பான விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: உசிலம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. ஓடலாமா?

பதில்: இப்போது நடங்கள். சுகப்பிரசவமே ஆனாலும் 12 வாரமாவது கழியட்டும். அதன் பிறகும் ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும்.

கேள்வி: சக்கிமங்கலத்து ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடித்தானே முன்னேறினார்? விலையுயர்ந்த ஷூ அவசியமா? திருநகரில் தார்ச்சாலையில்தான் ஓடுகிறேன்.

பதில்: 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம் வரை சென்ற அவரை நினைத்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் வறுமையால் ஷூ இல்லாமல் ஓட நேர்ந்ததை நாம் பயிற்சி முறையாகக் கொள்ளக் கூடாது. விலை முக்கியமன்று, மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமிருக்கும் ஷூவாகப் பார்த்து வாங்குங்கள். சித்திரை வெயில் காலத்தில் ஆறரை மணிக்குள் ஓட்டத்தை முடித்து, வீடு திரும்பியதும் உப்பிட்ட நீர்மோர் குடியுங்கள்.