புற்றரைக்கு ஸ்பிரிங்ளர்: செலவைத் தீர்மானிப்பது எது?

கேள்வி: இராஜகிரியவில் அண்மையில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பின்வளவில் 45 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட இடத்தில் மலேசியன் புல் பதித்துள்ளோம். அதற்குத் தானாகவே தண்ணீர் தூவும் ஸ்பிரிங்ளர் தொகுதியொன்றைப் பொருத்த இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டோம். ஒருவர் சொன்ன தொகை மற்றவர் சொன்னதன் இரு மடங்குக்கும் அதிகம். இருவருமே மொத்தத் தொகையை மாத்திரம் ஒரே வரியில் எழுதித் தந்திருக்கிறார்கள். ரொறன்ரோவில் வசிக்கும் என் தம்பி, அங்கு இதற்கு ஐயாயிரம் டொலர் வரை செலவாகும் என்கிறார். எங்கள் வீட்டுக்குக் குழாய்நீர் வருகிறது. கூரைக்கு மேல் 1,000 லீற்றர் தாங்கியும் உண்டு. எந்த விலை நியாயமானது?
வாசகர் ஒருவர், இராஜகிரிய

பதில்: ஒரே வரியில் எழுதப்பட்ட இரண்டு தொகைகளை வைத்துக்கொண்டு எது நியாயமானது என்று எவராலும் சொல்ல இயலாது. ஒருவர் நீர்ப்பம்பியையும் நிலத் தாங்கியையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கலாம். மற்றவர் கூரைத் தாங்கி நீரே போதும் என்று கருதித் தெளிப்பான்களுக்கும் குழாய்களுக்கும் மட்டும் விலை போட்டிருக்கலாம். இந்த வேலையில் செலவைத் தீர்மானிப்பது புற்றரையின் பரப்பு மட்டுமன்று. உங்கள் வீட்டில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் நீர், எந்த அமுக்கத்தில் கிடைக்கிறது என்பதே முதன்மையானது. அதை அளக்காமல் விலை சொன்னவர், கூட்டிச் சொல்லியிருந்தாலும் குறைத்துச் சொல்லியிருந்தாலும், ஊகத்தின் பேரிலேயே சொல்லியிருக்கிறார்.

உங்கள் புற்றரை 1,350 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 5 பேர்ச். சுமார் 125 சதுர மீற்றர். 15 அடி தூரம் தூவும் சாதாரணத் தெளிப்பான்களை எடுத்துக்கொள்வோம். ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் அடிவரை சென்று சேரவேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. இடைவெளியை அகட்டித் தெளிப்பான்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் ஒப்பந்தக்காரரின் விலை இயல்பாகவே குறைந்திருக்கும். ஆனால் முதல் வறட்சியிலேயே புல்லில் பழுப்புத் திட்டுகள் தோன்றிவிடும். விதிப்படி வைத்தால் உங்களுக்கு 12 தெளிப்பான்கள் தேவை: மூலைகளில் கால்வட்டமாகத் தூவுபவை 4, ஓரங்களில் அரைவட்டமாகத் தூவுபவை 6, நடுவில் முழுவட்டமாகத் தூவுபவை 2. முழுவட்டத் தெளிப்பான் நிமிடத்துக்குச் சுமார் 14 லீற்றரும், அரைவட்டம் 7 லீற்றரும், கால்வட்டம் மூன்றரை லீற்றரும் எடுக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் நிமிடத்துக்கு 84 லீற்றர் ஆகிறது.

சாதாரண வீட்டுக் குழாயொன்று ஒரே நேரத்தில் இவ்வளவு நீரைத் தராது. ஆகவே தெளிப்பான்களை மூன்று வலயங்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக இயக்க வேண்டும். நடுவிலுள்ள இரண்டும் ஒரு வலயம்; ஓரத்தில் உள்ளவற்றில் நான்கு இன்னொரு வலயம்; எஞ்சிய ஓரத் தெளிப்பான்கள் இரண்டும் மூலைகள் நான்கும் மூன்றாவது வலயம். இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு வலயமும் நிமிடத்துக்குச் சரியாக 28 லீற்றர் எடுக்கும். உங்கள் நீர் வரத்து அதற்கும் குறைவாயின் வலயங்கள் நான்காகவும் ஐந்தாகவும் பெருகும். வலயம் ஒன்று கூடும்போதெல்லாம் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு மின்காந்த வால்வு, அதற்குரிய வயர், தனிக் குழாய்த் தொடர் ஆகியவற்றின் விலையும் கூடும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தோட்டக் குழாயை முழுமையாகத் திறந்து 20 லீற்றர் வாளியொன்று எத்தனை செக்கனில் நிரம்புகிறது என்று கவனியுங்கள். 40 செக்கன் என்றால் நிமிடத்துக்கு 30 லீற்றர். 80 செக்கன் என்றால் 15 லீற்றர் மட்டுமே. காலையிலும் மாலையிலும் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள்.

அடுத்தது அமுக்கம். பெரும்பாலான வீடுகளில் கணக்குப் பிழைப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இத்தகைய தெளிப்பான்கள் ஒழுங்காகத் தூவுவதற்கு ஏறத்தாழ 2 பார் அமுக்கம் தேவை. தண்ணீர் 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 1 பார் கிடைக்கும். உங்கள் கூரைத் தாங்கி 8 மீற்றர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் 0.8 பார்தான், குழாயின் உராய்வில் அதிலும் ஒரு பங்கு போய்விடும். அந்த அமுக்கத்தில் நிலத்துக்குள் இருக்கும் தெளிப்பான்கள் முழுமையாக மேலெழும்ப மாட்டா. எழும்பினாலும் நீர் அடியிலேயே வழிந்து தேங்கும். ஆகவே உங்களுக்கு நீர்ப்பம்பி தவிர்க்க முடியாதது. அதைச் சேர்க்காத விலைமதிப்பீடு மலிவாகத் தோன்றினாலும், வேலை முடிந்த மறுவாரமே இரண்டாவது பட்டியல் வரும்.

பம்பியை வீதிக் குழாயுடன் நேரடியாக இணைக்க ஒருபோதும் இடமளிக்காதீர்கள். அது அயல்வீடுகளுக்குச் செல்லும் நீரை இழுப்பதோடு, குழாயில் எங்காவது ஒழுக்கு இருந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீரையும் குடிநீருக்குள் உறிஞ்சிவிடும். நிலமட்டத்தில் தனித் தாங்கியொன்றை வைத்து, குழாய்நீர் அதில் மேலிருந்து விழுமாறு அமைத்து, அதிலிருந்து பம்பி எடுப்பதே முறை. அப்போது உரமும் பூச்சிமருந்தும் கலந்த தோட்டத்து நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பும் அபாயமும் நீங்குகிறது. பம்பி வாங்கும்போது குதிரைவலுவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பெயர்த்தகட்டில் பெரிதாக எழுதியிருக்கும் உச்ச உயரமும் உச்ச நீரளவும் ஒரே நேரத்தில் கிடைப்பவையல்ல. 30 மீற்றர் உயர அமுக்கத்தில், அதாவது 3 பாரில், நிமிடத்துக்கு 30 லீற்றர் தருமா என்று கேளுங்கள். தருமாயின் உங்களுக்கு அது போதும்.

செலவைக் குறைக்கும் மாற்று வழியொன்றும் உண்டு. தெளிப்பானின் நுனியில் நீரைத் தூவும் பகுதியே நொசில். நீரை மெல்லிய கீற்றுகளாகச் சுழற்றி வீசும் சுழல் நொசில்கள் சாதாரண நொசில்களின் கால்பங்கு நீரையே எடுப்பதால், உங்கள் 12 தெளிப்பான்களும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 லீற்றருடன் ஒரே வலயமாக இயங்கும். நொசில் ஒன்றின் விலை கூடுதல்தான். ஆனால் இரண்டு வால்வுகளும் அவற்றின் குழாய்த் தொடர்களும் மிச்சமாகும். நீர் மெதுவாக விழுவதால் நமது கபுக்குச் செம்மண்ணில் வழிந்தோடாமல் ஊறி இறங்கும். அவற்றுக்கு 2.7 பார் அளவு அமுக்கம் வேண்டும், நான்கு மடங்கு நேரமும் இயக்க வேண்டும். பம்பி எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்பதால் உங்கள் இடத்தில் நான் இவற்றையே தெரிவு செய்வேன்.

ரொறன்ரோக் கணக்கை இங்கு கொண்டுவர வேண்டாம். அங்கு செலவின் பெரும்பகுதி கூலிக்குப் போகிறது. நிலம் உறையும் குளிருக்கு முன்னர் ஒவ்வோர் ஆண்டும் அமுக்கிய காற்றைச் செலுத்திக் குழாய்களிலுள்ள நீரை வெளியேற்றும் செலவும் உண்டு. இங்கு பாஸுக்கும் மண் வெட்டுபவருக்கும் கொடுக்கும் நாட்கூலி சிறு பங்குதான். தெளிப்பான், மின்காந்த வால்வு, குறித்த நேரத்தில் வால்வுகளைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய இறக்குமதிப் பொருள்களே விலையை ஏற்றுகின்றன. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது இப்பொருள்களின் விலையும் கூடவே ஏறியது. அதனால், யாரோ ஓர் உறவினர் அதற்கு முன்னர் செய்த வேலையின் தொகையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். பிவிசி குழாய்கள் உள்நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. அவற்றின் விலையைப் பழைய சோனகத் தெருவிலுள்ள ஹாட்வெயார் கடைகளில் நீங்களே விசாரித்து ஒப்பிடலாம்.

ஆகவே இரு ஒப்பந்தக்காரர்களிடமும் மீண்டும் சென்று, தெளிப்பான்களின் எண்ணிக்கையும் வகையும், வலயங்கள் எத்தனை, குழாயின் விட்டமும் நீளமும், பம்பியின் மாதிரி, தாங்கி, வடி, கட்டுப்பாட்டுக் கருவி, மண் வெட்டிப் புல்லை மீளப் பதிக்கும் கூலி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை எழுதித் தருமாறு கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி அத்தொகையில் அடங்குகிறதா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

பொருத்தும் செலவோடு விடயம் முடிவதில்லை. வெயில் காலத்தில் புல்லுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் நீர் என்று கொண்டால் உங்கள் புற்றரைக்கு 500 லீற்றர் ஆகும். காற்றிலும் ஆவியாதலிலும் வீணாவதையும் சேர்த்தால் 650 லீற்றர். மாதத்துக்கு ஏறத்தாழ 20 அலகுகள் (ஓர் அலகு 1,000 லீற்றர்). ஒரு சிறு குடும்பத்தின் மாத நீர்ப் பாவனைக்கு அது சமம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணம் பாவனை கூடக்கூட அலகுக்கு அலகு ஏறுவதாதலால், உங்கள் பட்டியல் இரு மடங்கோடு நிற்காது, அதையும் தாண்டும். அதிலும் களனி கங்கையில் நீர் குறைந்து அம்பத்தளை நீரேற்று நிலையத்தை நோக்கிக் கடல்நீர் ஏறும் வறட்சிக் காலங்களில், தோட்டத்துக்குக் குழாய்நீரைப் பாவிக்க வேண்டாமென்று சபையே கேட்டுக்கொள்வதுண்டு. புல்லுக்கு நீர் மிகவும் தேவைப்படும் காலமும் அதுதான்.

நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கு 2007 இல் செய்யப்பட்ட திருத்தம் நகரப் பகுதிகளின் புதிய கட்டிடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பை வலியுறுத்துவதால், உங்கள் வீட்டில் அதற்கான தாங்கி இருக்கக்கூடும். அது உதவும், ஆயினும் போதாது. கொழும்பில் ஜனவரியில் சராசரியாகப் பெய்யும் 60 மில்லிமீற்றர் மழை, 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து ஐந்தரை அலகு நீரைத்தான் தரும்.

ஒக்டோபரிலும் நவம்பரிலும் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நகரம் இது. உங்கள் புற்றரைக்கு ஒழுங்காகத் தண்ணீர் விட வேண்டியது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான். எனவே பம்பியிலும் தெளிப்பான்களிலும் குழாயிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்; கட்டுப்பாட்டுக் கருவியையும் மின்காந்த வால்வையும் இப்போதைக்குத் தவிர்த்து, கையால் திருகும் வால்வை வையுங்கள். குழி மூடப்படுவதற்கு முன்னர் வயரை மட்டும் ஒரு காப்புக் குழாயினுள் இட்டுவிட்டால், பிற்காலத்தில் புல்லைக் கிளறாமலே அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நீண்ட நாட்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் முதலிலேயே தானியங்கிக் கருவி அவசியம். அப்போதும் மழை உணரியோடு சேர்த்தே வாங்க வேண்டும். புல்லை வெட்டியெடுத்துக் குழாய் பதிக்கும் வேலையை ஏப்ரல் அல்லது ஒக்டோபர் மழையை ஒட்டிச் செய்வித்தால், மீளப் பதித்த புல் விரைவில் வேர்பிடிக்கும்.

கேள்வி: தெகிவளையில் கடலுக்கு அண்மையில் இருக்கிறோம். முன்வாசலில் ஒரு பேர்ச்சுக்கும் குறைவான புல்லும், மதிலோரமாகப் பூச்சாடிகளும் உள்ளன. முழங்கால் வலியுடன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிரமமாக இருக்கிறது. எனக்கும் இத்தகைய தொகுதி வேண்டுமா?
வாசகி ஒருவர், தெகிவளை

பதில்: வேண்டியதில்லை, அம்மா. அவ்வளவு சிறிய இடத்தில் நிலத்தைத் தோண்டிச் செலவழிப்பது தகாது. குழாயில் பொருத்தும் பற்றரி டைமர் ஒன்று, ஒரு ஹோஸ், புல்லின் நடுவில் குத்தி வைக்கும் தெளிப்பான் ஒன்று ஆகியவை போதும். பாஸ் எவரையும் அழைக்காமல் பொருத்திவிடலாம். தெளிப்பானுக்கு வீதிக் குழாயின் அமுக்கம் உள்ள குழாயைத் தெரிவு செய்யுங்கள். பூச்சாடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் இடுங்கள். அது குறைந்த அமுக்கத்திலும் இயங்குமாதலால் கூரைத் தாங்கி நீரே போதுமானது. டைமர் வாங்கும்போது அதுவும் குறைந்த அமுக்கத்தில் இயங்குமா என்று கடையில் கேளுங்கள். சில வகைகள் இயங்குவதில்லை. உங்கள் பகுதி மணல் நிலம் நீரைத் தேக்கி வைக்காது என்பதால், ஒரே தடவையில் நிறைய விடாமல், நாளுக்கு இருமுறை சிறிது சிறிதாக விடுமாறு நேரத்தை வையுங்கள்.

கேள்வி: வத்தளையில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் கிணற்று நீரால் இயங்கும் ஸ்பிரிங்ளர் பொருத்தினோம். ஓராண்டுக்குள் பல தெளிப்பான்கள் அடைபட்டுவிட்டன. வெள்ளை மதிலில் செம்பழுப்புக் கறையும் படிந்துள்ளது. எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும் என்கிறார் பொருத்தியவர். வேறு வழி இல்லையா?
வாசகர் ஒருவர், வத்தளை

பதில்: உங்கள் கிணற்று நீரில் இரும்பு கரைந்திருக்கிறது. கிணற்றிலிருந்து எடுக்கும்போது தெளிவாகத் தோன்றும் அந்நீரிலுள்ள இரும்பு, காற்றுப்பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. கரைந்த இரும்பைச் சாதாரண வடி தடுக்காது என்பதால், பெரிய வடியாக வாங்கினாலும் பயன் குறைவு. கிணற்று நீரை முதலில் திறந்த தாங்கியொன்றுக்குள் மேலிருந்து விழச் செய்து, ஓரிரவு படியவிட்டு, மேல்நீரை மட்டும் வடியினூடாகப் பம்பிக்கு அனுப்புங்கள். தாங்கியின் வாயை நுளம்பு வலையால் மூடுவது கட்டாயம். வால்வுப் பெட்டிகளின் அடியிலும் சல்லி இட்டு, நீர் தேங்காதவாறு செய்யுங்கள். டெங்கு நுளம்பு ஒரு வாரம் தேங்கிய தெளிந்த நீரிலேயே பெருகிவிடும்.

அடைபட்டிருப்பது தெளிப்பானின் உடலன்று. அதன் நொசிலும் அதற்குக் கீழுள்ள சிறு சல்லடையும்தான். இரண்டையும் கழற்றி, ஓரிரவு வினாகிரியில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலானவை மீண்டும் இயங்கும். இயங்காதவற்றுக்கு நொசில் மட்டும் வாங்கினால் போதும், அது முழுத் தெளிப்பானின் விலையில் சிறு பகுதிதான். மதிலைப் பார்த்துத் தூவும் நொசில்களின் கோணத்தையும் புல்லின் பக்கம் திருப்பிவிடுங்கள். முழுவதையும் மாற்றப் பணம் கொடுப்பதற்கு முன்னர், ஒரே ஒரு வலயத்தில் நொசில்களையும் சல்லடைகளையும் மட்டும் துப்புரவாக்கி இயக்கிக் காட்டுமாறு பொருத்தியவரிடம் கேளுங்கள்.