உம்மா மாடியேற வேண்டாம்: வீட்டு சர்வருக்கு ஒரு தூரத்து விரல்

இந்த முறை வந்த கடிதங்களில் நாலு ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. வீட்டில் ஒரு சின்ன சர்வர், ஆள் வெளியூரில், கரண்ட் போனால் தலைவலி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி (கீழக்கரை வாசகர், இப்போது துபாயில்): வாப்பா வீட்டு மாடியில் பழைய ஆபிஸ் மினி கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராகப் போட்டிருக்கிறேன். குடும்ப போட்டோக்கள், வாசல் கேமரா பதிவு எல்லாம் அதில்தான். சின்ன யுபிஎஸ்ஸும் உண்டு. கரண்ட் ரொம்ப நேரம் போய் வந்தால் சில நேரம் எழும்புகிறது, சில நேரம் எழும்பவே மாட்டேன் என்கிறது. உம்மாவுக்கு போன் போட்டு மாடியேறி பட்டனை அமுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. உம்மாவுக்கு மூட்டுவலி. இங்கிருந்தே பட்டனை அமுக்க ஏதாவது செய்ய முடியுமா? சால்டரிங் ஓரளவு தெரியும்.

பதில்: முடியும் தம்பி, 500 ரூபாய் சாமானில் முடியும். ஆனால் சால்டரிங் கம்பியைச் சூடாக்குவதற்கு முன்னால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் எழும்பும்போதே ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பாருங்கள். கரண்ட் திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு இடம் இருக்கும். அணைந்தே இரு, எழும்பு, கடைசியாக இருந்த நிலைக்குப் போ என்று பெரும்பாலும் மூன்று வழி. அதில் 'எழும்பு' என்பதை வையுங்கள். 'கடைசி நிலை' கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் யுபிஎஸ் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வர் தானே ஒழுங்காக அணைந்திருந்தால் அதன் கடைசி நிலை 'அணைந்தது'தானே, அப்படியே படுத்துக் கிடக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். ஆபிஸிலிருந்து கழித்துக்கட்டிய மினி கம்ப்யூட்டர்களில் சிலவற்றில் இன்டெல் வீப்ரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது இருந்தால், உள்ளேயே ஏஎம்டி (AMT, இன்டெல்லின் தூரக் கட்டுப்பாட்டு வசதி) இருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் லேன் கேபிள் வழியாக எழுப்பவும் அணைக்கவும் அதுவே விடும். உங்களுடையதில் இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே மூடிவிட்டுப் போகலாம். ஆனால் 2017-ல் அதில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழையும் ஒரு ஓட்டை வெளிப்பட்டது, அதனால் ஃபர்ம்வேரை (கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) புதுப்பித்துவிட்டு வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் வையுங்கள், வெளியே திறந்துவிடாதீர்கள்.

இல்லை என்றால் விஷயத்துக்கு வருவோம். "சில நேரம் எழும்புகிறது, சில நேரம் இல்லை" என்கிறீர்களே, குழப்பம் அங்கேதான். பேட்டரி குறைகிறது, சர்வர் தன்னை அணைத்துக்கொள்கிறது, ஆனால் யுபிஎஸ் முழுசாகச் சாவதற்குள் கரண்ட் வந்துவிடுகிறது. சர்வரைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை! அது எதற்கு எழும்பும்? பயாஸில் என்ன வைத்தாலும் இந்த ஒரு சந்தர்ப்பத்தில் பலன் இல்லை. இதற்குத்தான் ஒரு விரல் வேண்டும்.

விரல் என்று நான் சொல்வது வைஃபை உள்ள, நிரல் எழுதி ஓட்டும் குட்டி இஎஸ்பி 32 போர்டு ஒன்றும், பிசி 817 என்ற நாலு கால் ஆப்டோகப்ளர் ஒன்றும். ஆப்டோகப்ளருக்குள் ஒரு பக்கம் குட்டி எல்இடி, மறுபக்கம் அந்த வெளிச்சம் பட்டால் கடத்தும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே கிடையாது, அதனால் உங்கள் போர்டில் ஏதாவது சொதப்பினாலும் மதர்போர்டுக்குப் போகாது. இஎஸ்பியின் ஒரு பின்னிலிருந்து (pin, கம்பி கொடுக்கும் முனை) 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக 1-ம் காலுக்கு, 2-ம் கால் கிரவுண்டுக்கு. சுமார் 6 மில்லி ஆம்பியர் ஓடும், அது போதும். 4-ம் காலும் 3-ம் காலும் பவர் பட்டனின் இரண்டு முனைகளுக்கு. எது எங்கே என்பதற்கு மல்டிமீட்டரை எடுங்கள்: கம்ப்யூட்டருக்கு பிளக் போட்டு, ஆனால் அணைந்த நிலையில், கறுப்புக் கம்பியைப் பெட்டியின் இரும்பில் வைத்து, சிவப்பால் பட்டன் முனைகளைத் தொட்டால் ஒன்றில் 3.3 அல்லது 5 வோல்ட் காட்டும். 4-ம் கால் அந்த முனைக்கு. பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு சால்டரிங் செய்யுங்கள். மினி கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பெரிய கம்ப்யூட்டர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பட்டன் பின்கள் இருக்காது, பட்டன் சுவிட்சின் காலிலேயே மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டியிருக்கும், கை நடுங்கினால் மொபைல் ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுங்கள்.

அரை நொடி அமுக்கினால் எழும்பும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே அரை நொடி அமுக்கினால் ஒழுங்காக அணையும். 4 நொடிக்கு மேல் பிடித்தால் கழுத்தைப் பிடித்து அணைப்பது மாதிரி. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், ஒரே பட்டன் எழுப்பவும் செய்கிறது அணைக்கவும் செய்கிறது, துபாயில் உட்கார்ந்துகொண்டு சர்வர் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அமுக்கினால் ஓடிக்கொண்டிருப்பதை நீங்களே அணைத்துவிடுவீர்கள். விரலோடு ஒரு கண்ணும் வேண்டும்.

கண்ணுக்கு இன்னொரு பிசி 817. பழைய யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டுங்கள், சிவப்பை 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக 1-ம் காலுக்கும் கறுப்பை 2-ம் காலுக்கும் கொடுங்கள். மறுபக்கம் 4-ம் கால் இஎஸ்பியின் இன்னொரு பின்னுக்கு, உள் புல்-அப் (சும்மா இருக்கும்போது பின்னை மேலே பிடித்து வைக்கும் உள் ரெசிஸ்டர்) போட்டு. 3-ம் கால் இஎஸ்பி கிரவுண்டுக்கு. கேபிளை சர்வரில் செருகினால், சர்வர் ஓடும்போது அந்தப் பின்னின் வோல்ட் கீழே இறங்கும், அணைந்தால் மேலே ஏறும். ஒரே நிபந்தனை, சர்வர் அணைந்ததும் செத்துப்போகும் யுஎஸ்பி வாயாக இருக்க வேண்டும். சில வாய்கள் போன் சார்ஜ் ஆகட்டும் என்று எப்போதும் உயிரோடு இருக்கும். இதோடு பிங் (நெட்வொர்க் வழியாக "இருக்கிறாயா" என்று கேட்பது) ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் 'ஓடுகிறது' என்கிறது, பிங்குக்குப் பதில் இல்லை என்றால் சர்வர் தொங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது மட்டும்தான் நீண்ட அமுக்கு.

என் சொந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் கடலைப் பார்த்த வீட்டில் நான் முதலில் செய்தது இஎஸ்பி 8266 போர்டில். பட்டன் கம்பியை டி4 பின்னில் கொடுத்திருந்தேன். கரண்ட் வந்தால் சர்வர் தானே எழும்பும், மறுநொடி அணையும். இரண்டு வாரம் சர்வரின் பவர் அடாப்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், புதுசு கூட வாங்கினேன். கடைசியில் பார்த்தால், அந்த பின் போர்டு விழித்தெழும்போது தானாகவே மேலே ஏறும் ரகம்; என் விரல் தூக்கத்திலேயே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. 8266 என்றால் டி1, டி2 நல்லவை. இஎஸ்பி 32 என்றால் 0, 2, 5, 12, 15 பக்கம் போகாதீர்கள், 34 முதல் 39 வரை உள்ளே வாங்க மட்டும்தான். 25, 26, 27 பத்திரமானவை. பட்டன் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10,000 ஓம் ரெசிஸ்டரும் போட்டுவிடுங்கள்.

போர்டுக்குக் கரண்ட் எங்கிருந்து? எல்லோரும் யுபிஎஸ்ஸிலிருந்து என்பார்கள். நான் சொல்வது, சாதாரண போன் சார்ஜரை நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். கரண்ட் போனால் போர்டு சாகும், வந்தால் எழும்பும், ஆக அது எழும்புவதே "கரண்ட் வந்துவிட்டது" என்ற செய்தி. எழும்பியதிலிருந்து 3 நிமிடம் சும்மா இருக்கட்டும், சர்வர் தானே எழும்ப அவகாசம். அப்புறமும் கண் 'அணைந்திருக்கிறது' என்றால் ஒரே ஒரு அமுக்கு. அதற்கும் எழும்பவில்லை என்றால் திரும்பத் திரும்ப அமுக்காமல் உங்களுக்குச் சேதி அனுப்பிவிட்டு நிற்கட்டும். போர்டின் நிரலை இப்படி எழுதினால் நீங்கள் போனைத் தொடவே வேண்டியிருக்காது.

ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் யுபிஎஸ்ஸில் வையுங்கள். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர டெயில்ஸ்கேல், வயர்கார்டு மாதிரி நிரல் வைத்திருந்தால் அது அந்த சர்வரிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள், பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதை. இங்கே பல இணைப்புகளில் நமக்கென்று தனி இணைய முகவரியும் கிடைப்பதில்லை, வெளியிலிருந்து உள்ளே கதவைத் தட்ட முடியாது. போர்டே வெளியே போய் டெலிகிராம் பாட்டிடமோ (டெலிகிராமில் நாம் அமைக்கும் தானியங்கிக் கணக்கு) எம்கியூடிடி சர்வரிடமோ (கருவிகளுக்குள் சேதி கடத்தும் சர்வர்) "எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா" என்று கேட்பதுதான் சுலபம். உங்கள் கணக்கிலிருந்து வரும் கட்டளையை மட்டும் கேட்கும்படி எழுதுங்கள். இஎஸ்பி 32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும் என்பதும், போர்டை கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டிக்குள் அடைத்தால் சிக்னல் செத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக உப்பு. நம் கரையில் இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். காற்றில் வரும் உப்பு போர்டில் படியும், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பே தண்ணீரை இழுத்துக் கசியும், ஐப்பசி கார்த்திகையில் நம் ராத்திரிகள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். செருகும் ஜம்பர் கம்பிகள் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும், என் வீட்டில் பூத்தது. எல்லாவற்றையும் சால்டரிங்கிலேயே முடியுங்கள். ஒட்டியபின் பிசுபிசுப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அக்ரிலிக் கோட்டிங் ஸ்பிரே இரண்டு முறை அடியுங்கள். யுஎஸ்பி வாயில் மட்டும் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். அப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

கேள்வி (தங்கச்சிமடம் வாசகர்): ஆப்டோகப்ளர் கிடைக்கவில்லை, கடையில் ரிலே மாட்யூல்தான் கொடுத்தார்கள். ஆகுமா? அல்லது ஸ்மார்ட் பிளக் வாங்கிவிடவா?

பதில்: ரிலே (மின்சாரத்தால் இழுபடும் சுவிட்ச்) ஆகும். பட்டனின் இரண்டு முனைகளை அதில் 'காம்' (COM), 'என்ஓ' (NO) என்று எழுதிய இரண்டு முனைகளிலும் கொடுத்தால் எது பிளஸ் என்ற தொல்லை கூட இல்லை. பல மாட்யூல்கள் பின் கீழே இறங்கினால் இழுக்கும் ரகம், நிரலில் தலைகீழாக எழுதியிருந்தால் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். முதலில் சர்வரோடு சேர்க்காமல் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த ரிலேயை வைத்து 230 வோல்ட்டை வெட்ட மட்டும் ஆசைப்படாதீர்கள், அதுவும் உப்புக்காற்று வீட்டில்.

ஸ்மார்ட் பிளக் கடைசி ஆயுதம். அணைத்து 15 நொடி கழித்துப் போட்டால், பயாஸில் 'எழும்பு' வைத்திருந்தால் எழும்பும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பிடுங்கினால் ஃபைல் கெடலாம்.

கேள்வி (மண்டபம், கல்லூரி மாணவி): என்னுடையது ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர். அதில் பவர் பட்டனே இல்லையே?

பதில்: ஒழுங்காக அணைத்த பை 4-ல் ஜிபிஐஓ 3 என்ற பின்னை கிரவுண்டோடு ஒரு கணம் தொட்டால் எழும்பும், அதே பிசி 817 அங்கே பட்டன் வேலையைப் பார்க்கும். பை 5-ல் பட்டனே வந்துவிட்டது, வெளியே பட்டன் வைக்க ஜே2 என்று இரண்டு துளையும் உண்டு. கரண்ட் வந்தால் பை தானே எழும்பும் என்பதால் உங்களுக்குக் கீழக்கரைத் தம்பியின் தொல்லை பாதிதான்.

கேள்வி (தொண்டி வாசகர்): டெலிகிராம் பாட் வைத்து எல்லாம் செய்தேன். நேற்று தொங்கிப்போன சர்வரை நீண்ட அமுக்கில் அணைத்தேன். அதிலிருந்து யார் பட்டனை அமுக்கி எழுப்பினாலும் ஒரு நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறது. பேயா?

பதில்: போர்டுக்குக் கரண்ட் அந்த சர்வரின் யுஎஸ்பியிலிருந்துதானே? அதுதான் பேய். கட்டளை வந்தது, போர்டு அமுக்கியது, சர்வர் அணைந்தது, கூடவே போர்டும் செத்தது. "இந்தச் செய்தியைப் படித்துவிட்டேன்" என்று டெலிகிராமுக்குச் சொல்ல நேரமே இல்லை. படிக்காத செய்தியை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். நீங்கள் எழுப்பியதும் போர்டும் எழும்பி, அதே பழைய கட்டளையை வாங்கி, மறுபடி அணைக்கிறது. போர்டைத் தனி சார்ஜருக்கு மாற்றுங்கள். நிரலில் முதலில் படித்ததாகச் சொல்லிவிட்டு, பிறகு அமுக்கச் சொல்லுங்கள். செய்தியின் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பழசு என்றால் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லுங்கள். இன்றைக்கே எழுப்ப வேண்டும் என்றால் அந்த யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டு பட்டனை அமுக்குங்கள்.