ஃபயர்வாலைத் தாண்டிப் பார்ப்பவரிடம் சில கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நிறுவனங்களின் நெட்வொர்க்கை, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தாக்கிப் பார்ப்பது என் வேலை. வந்த கேள்விகளில் சில:

லாஸ்பேட்டை மாணவர்: அண்ணா, நெட்வொர்க்கில் ஊடுருவலைக் கண்டறியும் ஐடிஎஸ் கண்காணிக்கும்போது, அதை எப்படி ஏமாற்ற முடிகிறது?

தான் படிப்பதைத்தான் சர்வரும் படிக்கும் என்று ஐடிஎஸ் நம்புகிறது. அதுதான் ஓட்டை. நெட்வொர்க்கில் போகும் தகவல் பொட்டலமான பாக்கெட்டைத் துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அனுப்பினால் எந்தத் துண்டை ஏற்பது என்பதில் விண்டோஸ் ஒரு மாதிரி, லினக்ஸ் ஒரு மாதிரி. ஐடிஎஸ் சேர்த்துப் படிப்பது சாதுவான செய்தி. சர்வர் கையில் சேருவது தாக்குதல். டாசெக், நியூஷாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் 1998-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். எந்த ஐபி முகவரிக்குப் பின்னால் எந்த ஓஎஸ் (விண்டோஸா, லினக்ஸா) என்று குறித்து வைத்து, அதைப்போலவே சேர்த்துப் படிக்க சூரிக்காட்டா என்ற ஐடிஎஸ்ஸில் வசதி உண்டு. நான் போகிற இடங்களில் அதைத் தொட்டவர்கள் குறைவு.

கடலூர் சிப்காட் ஊழியர்: சார், எந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று மெதுவாக ஸ்கேன் செய்தால் அலாரம் அடிக்காதா?

பெரும்பாலும் அடிக்காது. போர்ட் என்பது கணினிக்குள் இணைப்பு நுழையும் வாசல். அதை ஸ்கேன் செய்யும் என்மேப் கருவியின் மிக மெதுவான வேகத்தில் ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 நிமிடம். ஆயிரம் போர்ட்டுக்கு ஏறக்குறைய மூன்றரை நாள்! ‘நிமிடத்துக்கு இத்தனை’ என்று எண்ணும் விதியில் இது சிக்காது. நடந்ததைக் குறித்து வைத்திருக்கும் பழைய லாக்கைத்தான் புரட்ட வேண்டும். 180 நாள் லாக் வைக்கச் சொல்லி 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவே இருக்கிறது. வைத்திருக்கிறார்கள், திறந்து பார்ப்பதுதான் இல்லை. நான் செய்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து, அவர்கள் லாக்கோடு ஒப்பிடுவேன். உள்ளே போனேனா என்பதைவிட, போனது அவர்களுக்கு எப்போது தெரிந்தது என்பதுதான் என் அறிக்கையில் முக்கியம்.

வில்லியனூர் ஜவுளிக் கடைக்காரர்: பில்லிங் கம்ப்யூட்டரும் வாடிக்கையாளர் வைஃபையும் ஒரே ரவுட்டரில். பரவாயில்லையா?

வேண்டாங்க. வாடிக்கையாளர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போடுங்கள், ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதற்கு என்னைக் கூப்பிட்டுக் காசைக் கரைக்க வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர் மாணவி: பக்கத்து ஆபீஸ் வைஃபையில் பழகிப் பார்க்கலாமா?

கூடாதும்மா. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘கெட்ட எண்ணம் இல்லை’ என்று கோர்ட்டில் விளக்கும் நிலைமை எதற்கு? வீட்டு லேப்டாப்பில், ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ஒரு பக்கம் தாக்கும் கருவிகள் கொண்ட காளி லினக்ஸ், மறுபக்கம் பழகுவதற்கென்றே ஓட்டைகளோடு செய்த மெட்டாஸ்ப்ளாய்டபிள், நடுவில் சூரிக்காட்டா. ஒரு ஸ்கேன் விட்டுவிட்டு, சூரிக்காட்டா எதைப் பிடித்தது, எதைத் தவறவிட்டது என்று பார். ஒன்று மட்டும், மெட்டாஸ்ப்ளாய்டபிளை இன்டர்நெட்டோடு இணைத்துவிடாதே.