குட்டி வந்த முதல் சில மாதங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

என் வீட்டில் 22 வருடமாக நாய் இல்லாத நாளே கிடையாது. அதுபோக, தெருவில் தாயை இழந்து கிடக்கும் குட்டிகளை எடுத்து, தேற்றி, தடுப்பூசி போட்டு, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தும் அளவும் கேட்டால் உங்கள் கால்நடை மருத்துவரிடம்தான் அனுப்புவேன். மற்றபடி தூக்கம் கெட்டது, தரை நாறுவது, கை கிழிந்தது, மனசு விட்டுப்போனது எதையும் தயங்காமல் கேளுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, லேப்ரடார் குட்டி வாங்கி மூணு நாள் ஆச்சு. 35 நாள் குட்டி. பால்கனியில படுக்கை போட்டிருக்கோம், ராத்திரி பூரா அழுவுது. பக்கத்து ஃபிளாட்ல புகார் பண்ணிட்டாங்க. அசோசியேஷன்ல நாயே வளர்க்கக் கூடாதுங்கறாங்க. அழுது அழுது பழகட்டும்னு விட்டுடலாமா?

பதில்: விடாதீர்கள் தம்பி. இன்று இரவே உள்ளே எடுங்கள். 35 நாள் என்பது கூடப்பிறந்ததுகளோடு ஒட்டிக்கொண்டு தாயின் வயிற்றுச் சூட்டில் தூங்க வேண்டிய வயது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. விற்றவர் அதைச் சொல்லாமல் காசை வாங்கிக்கொண்டார், அதற்கான கஷ்டத்தைக் குட்டியும் நீங்களும் படுகிறீர்கள்.

உங்கள் கட்டிலை ஒட்டி ஓர் அட்டைப்பெட்டி. அதில் நீங்கள் உடுத்திய பழைய பருத்தித் துணி. வெதுவெதுப்பான தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, துணியில் நன்றாகச் சுற்றி ஓரமாக வையுங்கள். அழுதால் கையைக் கீழே தொங்கவிட்டு அதன் மேல் வையுங்கள், அவ்வளவு போதும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், சிறுநீர் கழிக்கவிட்டு மறுபடி படுக்க வையுங்கள். இரண்டு வாரம் உங்கள் தூக்கம் போகும். அதைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது.

செல்லப் பிராணியே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், இப்போது உள்ளேதான் படுக்க வைக்கிறோம்" என்று நேரில் சொல்லுங்கள். அவர்களுக்கும் காலையில் வேலைக்குப் போக வேண்டும். குட்டிக்கு மூன்று மாத வயதாகி வெறிநாய்த் தடுப்பூசி போட்டதும் மாநகராட்சி உரிமம் எடுத்து, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பையும் பொருத்திவிடுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: வீடெல்லாம் மூத்திரம். பூஜை ரூம் வாசல்லயே ரெண்டு தடவ போயிருச்சு. மாமியார் கோபத்துல சாப்பிடவே இல்ல. மூக்கப் புடிச்சு அதுல தேச்சா பழகிரும்னு வீட்டுக்காரர் சொல்றாரு. ரெண்டரை மாசக் குட்டி.

பதில்: மூக்கைத் தேய்த்தால் குட்டி ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும்: இவர்கள் கண்ணெதிரே போனால் ஆபத்து. பிறகு சோபாவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் போகும். உங்கள் வேலை இரட்டிப்பாகும்.

இந்த வயதில் பகலில் விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரம் அடக்குவதே பெரிய விஷயம். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு முடித்த பத்து நிமிடத்தில், விளையாட்டு நடுவே. இந்த மூன்று நேரமும் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்குப் போங்கள். அங்கே சிறுநீர் கழித்ததும் அந்த நொடியே வாயில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. தரையை முகர்ந்து வட்டமடித்தால் தூக்குங்கள். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள். அமோனியா வாசம் உள்ள திரவம் வேண்டாம், அது மூத்திர வாசத்தையே ஞாபகப்படுத்தும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் கடையில் கிடைக்கிறது, அவசரத்துக்கு வினிகர் கலந்த தண்ணீர்.

பூஜை அறை வாசலுக்கு இன்றே ஒரு தடுப்புப் பலகை வையுங்கள் அம்மா. முழுவதும் பழக ஐந்தாறு மாத வயது ஆகும். அதுவரை மாமியார் கண்ணில் அந்த வாசல் சுத்தமாக இருப்பது குட்டியின் நிம்மதிக்கே நல்லது.

கோவையிலிருந்து: அக்கா, போன மாசம் எங்க குட்டி பார்வோவுல போயிருச்சுங்க. வாந்தி எடுத்துச்சு, சூடுன்னு நெனச்சு மோர் குடுத்தோம், மூணாம் நாள் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒரு ஊசி போட்டிருந்தோமுங்க. பாப்பா இன்னும் அழுவுறா. இப்ப இன்னொரு குட்டி எடுக்கலாமுங்களா?

பதில்: கண்ணு, முதலில் உங்கள் பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் எதுவும் தப்புச் செய்யவில்லை. குட்டிகளின் குடலைத் தாக்கும் இந்தப் பார்வோ வைரஸுக்கு நானும் என் மடியில் மூன்று குட்டிகளைக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றின் கடைசி இரவு இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஒரு ஊசி போட்டும் ஏன் வந்தது என்று உங்களுக்குள் கேள்வி இருக்கும். சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்கு எதிர்ப்பு சக்தி வருகிறது. அது உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அதுவே அழித்துவிடும். எந்த வாரத்தில் அது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசியோடு பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைத்துத் தெருவில் இறக்கிவிடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு.

அடுத்த குட்டி உடனே வேண்டாம். அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே மாதக்கணக்கில் தாங்கும், நிழலான மண்ணில் ஒரு வருடம்கூட. பினாயிலையும் டெட்டாலையும் நம்பாதீர்கள். தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். தட்டு, சங்கிலி எல்லாவற்றுக்கும் அதேதான். பழைய படுக்கையை எரித்துவிடுங்கள். தோட்டத்து மண்ணை அப்படிச் சுத்தம் செய்ய வழியில்லை. ஆகவே, 16 வாரம் தாண்டி எல்லா ஊசியும் முடிந்து இரண்டு வாரமான குட்டியையோ வளர்ந்த நாயையோ எடுங்கள். பாப்பாவுக்கும் அதற்குள் கொஞ்சம் ஆறும்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும்: குட்டி சாப்பாட்டைத் தொடாமல், சோர்ந்து, வாந்தி எடுத்தால் மோர், சீரகத் தண்ணீர் என்று ஒரு நாளைக் கடத்தாதீர்கள். கழிச்சலில் ரத்தம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பே போராடி ஜெயிக்க நேரம் வாங்கித் தருவதுதான் சிகிச்சை. அதனால் நேரம்தான் எல்லாம். சீக்கிரம் கொண்டு போன குட்டிகளில் நிறைய பிழைத்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். கையில் பணமில்லை என்றால் அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

விருதுநகரிலிருந்து: ராஜபாளையம் குட்டி, ரெண்டு மாசம். பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. திமிரு புடிச்சதுன்னு அப்பா அடிக்கிறாரு. என்ன செய்யலாம்க்கா?

பதில்: அப்பாவை அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி, இன்றே. அதற்குக் காது கேட்காமல் இருக்கலாம்.

ராஜபாளையத்தின் அந்தப் பால் வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு. நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் போய்விடும். 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால் தலைகளில் இடம்பெற்ற இனம், அதற்கு இப்படி ஒரு பாரமும் கூடவே வருகிறது.

குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், காற்று அதன் மேல் படக் கூடாது, அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும். பல தடவை செய்தும் காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குக் கருவிப் பரிசோதனை வேண்டும்.

கேட்காது என்றே ஆனாலும் அது அருமையான நாய்தான். கைச் சைகையில் எல்லாம் கற்கும். கட்டைவிரல் உயர்த்தினால் தீனி, உள்ளங்கை காட்டினால் உட்கார். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், மூக்குப் பக்கம் கையைக் காட்டி வாசத்தில் எழுப்புங்கள். சாலையில் எப்போதும் சங்கிலியோடுதான், வண்டி வருவது அதற்குத் தெரியாது. வளர்ந்தபின் அதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: எடுத்த தெருக்குட்டி விளையாட்டுல பையன் கையக் கீறிட்டு, லேசா ரத்தம். குட்டிதானே, ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.

பதில்: இதைப் படித்து முடிக்கும் முன் பையனைக் குழாயடிக்குக் கூட்டிப் போங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், முழுதாக 15 நிமிடம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள், கட்டுப் போடாதீர்கள். பிறகு நேராக அரசு மருத்துவமனை. அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தும் தேவை, மருத்துவரிடம் நீங்களே ரத்தம் வந்ததைச் சொல்லுங்கள்.

குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். எங்கிருந்து வந்தது, அதன் தாய் எப்படி இறந்தது என்று நமக்குத் தெரியாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது அரிதிலும் அரிது. குட்டியை விரட்டாமல் பத்து நாள் தனியே வைத்துக் கவனியுங்கள், ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இனிக் கடிக்காமல் இருக்க: பல் முளைத்து விழும் காலம் இது. 28 பால்பல் போய் 42 பல் வரும், ஆறேழு மாதம் வரை ஈறு நமைச்சல். கடித்ததும் விளையாட்டை நிறுத்தி எழுந்து போங்கள், கடிக்க ஒரு பொம்மை கொடுங்கள். குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரத் தூக்கம் தேவை. மாலையில் பேய் பிடித்தது போல ஓடிக் கடிக்கிறது என்றால் பெரும்பாலும் தூக்கக் கிறக்கம்தான். குழந்தையையும் குட்டியையும் தனியாக ஒரே அறையில் விடாதீர்கள்.

மயிலாப்பூரிலிருந்து: நாங்க சைவம். தயிர் சாதமும் பாலும் மட்டும் குடுக்கறோம். வயிறு பெருசா, கால் வளைஞ்சாப்ல இருக்கு.

பதில்: மருத்துவரிடம் காட்டுங்கள் மாமி. பெரிய வயிற்றுக்குப் புழு காரணமாக இருக்கலாம், வளைந்த கால் சத்துக்குறைவாக இருக்கலாம். வளரும் குட்டிக்குத் தயிர் சாதத்தில் புரதம் போதாது. மாட்டுப்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் தரும். வீட்டில் மாமிசம் சமைக்க முடியாது என்றால் குட்டிகளுக்கான உலர் உணவை வாங்கி, ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். நீங்களாகக் கால்சியம் மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம், பெரிய இனக் குட்டிகளுக்கு அது எலும்பையே கெடுக்கும். வெங்காயம், பூண்டு போட்ட சாம்பார் சாதம், பாயசத்துத் திராட்சை, சாக்லேட், நமக்கு வைத்திருக்கும் பாரசிட்டமால் எதுவும் அதன் வாய்க்குப் போகக் கூடாது.

திருச்சியிலிருந்து: உண்ணிக்கு மாட்டுக்குத் தெளிக்கிற மருந்து போடலாமா?

பதில்: கூடாது. மண்ணெண்ணெயும் கூடாது. அதில் செத்த குட்டியைப் பார்த்திருக்கிறேன். வயதும் எடையும் சொல்லி மருத்துவரிடம் வாங்குங்கள். சுவர் விரிசலையும் பாருங்கள், உண்ணி அங்கேதான் முட்டையிடும்.

பெருங்குடியிலிருந்து: ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி ஏழு. குட்டி எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். மனம் நோகும், ஆனாலும் சொல்கிறேன். பத்தரை மணி நேரம் மூன்று மாதக் குழந்தை தனியாக இருப்பதை யோசியுங்கள். நடுவில் வந்து பார்க்க நம்பகமான ஆள் இருந்தால், அல்லது வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் கிடைத்தால் மறுபடி பேசுவோம். இல்லையென்றால் இரண்டு மூன்று வயதான, அமைதியான, தத்துக்குக் காத்திருக்கும் நாட்டு நாயைப் பாருங்கள். அதற்கும் பகலில் ஒரு தடவை வெளியே கூட்டிப்போக ஆள் தேவைதான், ஆனால் அடக்கத் தெரியும், தனிமையைக் கொஞ்சம் தாங்கும். வளர்ந்த நாய் ஒட்டாது என்பது உண்மை இல்லை. என் வீட்டில் இப்போது என் காலடியில் படுத்திருப்பது நான்கு வயதில் வந்தவள்.

சேலத்திலிருந்து: யார்கிட்டயும் சொல்ல முடியலக்கா. ஆசைப்பட்டு நான்தான் வாங்கினேன். அஞ்சு வாரம் ஆச்சு. தூக்கம் இல்ல, வெளிய போக முடியல, கை முழுக்கக் கீறல். நேத்து பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அத எனக்குப் பிடிக்கவே இல்லையோன்னு பயமா இருக்கு. திருப்பிக் குடுத்தா பாவமா?

பதில்: இதை எழுதியதற்கு நன்றி. குட்டி வளர்த்த பெண்கள் என்னிடம் அதிகம் சொன்ன விஷயம் இதுதான், வெளியில் சொல்லாத விஷயமும் இதுதான். ஐந்தாவது வாரத்தில் உடம்பு தேய்ந்துபோய் இருக்கும். அன்பு இருக்கிறதா என்று அந்த நேரத்தில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

திருப்பிக் கொடுப்பது பாவம் இல்லை. நல்ல வீடு தேடி, ஊசிச் சீட்டோடு, அதன் பழக்கங்களை எழுதிக் கொடுத்து, மாதம் ஒருமுறை விசாரித்தும் வந்தால் அந்தக் குட்டிக்கு நல்லதே நடக்கும். இரவில் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டுப் போகிறார்களே, அதுதான் பாவம். அந்தக் குட்டிகளைத்தான் நான் பொறுக்கிக்கொண்டு வருகிறேன்.

ஆனால் இன்று முடிவு எடுக்காதீர்கள். ஒரு கேள்வி: ஐந்து வாரமும் இரவில் எழுந்தது யார்? நீங்கள் எழுதியதில் "நான்" மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் வேறு யார் இருந்தாலும் இன்றிலிருந்து இரவை ஒருவர், காலையை ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லை என்றால் தெரிந்தவரிடம் வாரத்தில் ஒரு பகல் விடுங்கள். பகலில் இரண்டு மணி நேரம் அதைத் தடுப்புக்குள் தூங்கவிட்டு, அந்த நேரத்தில் நீங்களும் வீட்டு வேலை எதையும் தொடாமல் படுங்கள். மூன்று வாரம் அப்படிச் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போதும் கொடுத்துவிடலாம் என்றே தோன்றினால், வீடு தேட நான் கூட நிற்கிறேன்.

இப்போதைக்கு, நாளைக் காலை ஆறு மணிக்கு வேறு யாராவது அதை வெளியே கூட்டிப் போகட்டும். நீங்கள் எட்டு மணி வரை தூங்குங்கள்.