வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர் உணவுக் கட்டுப்பாட்டை எப்படிக் காப்பாற்றுவது?

மாதத்தில் பாதி நாள் டூர், ஓட்டல் சாப்பாடு, எந்தப் பத்தியமும் மூன்றாம் நாள் உடைந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் பேலியோ, அதாவது தானியத்தை விட்டு முட்டை, இறைச்சி, காய் என்று சாப்பிடுகிற ஆள். அப்படியென்றால் கவலையே இல்லை, அவித்த முட்டை எந்த ஊரிலும் கிடைக்கும். ஒருநாள் தவறினாலும் எடை மெஷின்தான் திட்டும். என் கதை வேறு.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால் என் உடம்பே என் சிறுகுடலின் உள்சுவரை அரிக்கும். ஆயுள் முழுக்க அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். "சுகர்காரர்களுக்கே டாக்டர் சப்பாத்திதானே சொல்கிறார், கோதுமை எப்படிக் கெடுதல்?" என்று கிளம்பி வராதீர்கள். உங்களுக்கு நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஐந்து வருடம் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கி, கடைசியில் எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்து உறுதியானது இது. நான் ஸ்டைலுக்காக ஒன்றும் பரோட்டாவை விடவில்லை.

நூற்பாலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் பார்ப்பது என் வேலை. கோவையிலிருந்து பஞ்சாபில் இருக்கும் லூதியானாவுக்கு 18 நாள் அனுப்பினார்கள். கோதுமைக் களத்துக்கே! டெல்லி வரை கேரளா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. முதல் நாள் வீட்டுத் தயிர்சாதம், அப்புறம் அவல், வேர்க்கடலை, வாழைப்பழம். கட்லெட் விற்பவர் கடக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதன் மேல் ரொட்டித்தூள் இருக்குமே.

சட்டைப்பையில் ஹிந்தியில் எழுதிய ஒரு காகிதம் வைத்திருந்தேன்: கேஹூன் (கோதுமை), மைதா, சூஜி (ரவை), தலியா (கோதுமைக் குருணை), ஜௌ (பார்லி) எதுவும் ஆகாது, எனக்கு நோய் வரும் என்று. (ஹிந்தி தேவையா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வயிறு என்னுடையது.) மில்லுக்கு எதிரே இருந்த தாபாக்காரர் அதை இரண்டு முறை படித்தார். தினமும் ராஜ்மாவும் சோறும் தனிக் கரண்டியில் வைத்தார். மக்காச்சோள ரொட்டியாவது சாப்பிடலாமே என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். தட்டும்போது விண்டுபோகாமல் இருக்க ஒரு பிடி கோதுமை மாவும் சேர்ப்போம், வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார். முன்பின் தெரியாத மனிதர்.

11 நாள் ஒரு குறையும் இல்லை. 12-ஆம் நாள் யாரோ தமிழ் மெஸ் இருக்கிறது என்றார்கள். நாக்கு செத்துப்போயிருந்த நேரம், ஓடினேன். சோறு, சாம்பார், ரசம். நம்ம ஊர் சாப்பாட்டில் கோதுமை எங்கே வரும் என்று காகிதத்தை எடுக்கவே இல்லை. இரண்டு தரம் சாம்பார் வாங்கி ஊற்றிக்கொண்டேன். அன்று இரவு ஆரம்பித்த வயிற்றுப்போக்கு மூன்று நாள் விடவில்லை. இயந்திரம் பிரித்துப் போட்டது போட்டபடி கிடந்தது.

தேறியதும் மெஸ்ஸுக்குப் போய் மாஸ்டரிடம் விசாரித்தேன். "எல்லாம் நம்ம ஊர்ப் பொருள் சார்" என்று பெருங்காய டப்பாவை நீட்டினார். திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் பிசின், அடுத்ததாக மைதா, அதாவது கோதுமை மாவு. சுத்தப் பெருங்காயத்தின் காரம் தாங்காது என்பதால் பிசினும் மாவும் கலந்துதான் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள். சில கம்பெனிகள் அரிசி மாவு போடுகின்றன, வீட்டில் நாங்கள் வாங்குவது அதுதான். மாஸ்டர் மேல் தப்பில்லை, கேட்காதது நான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, தெரியாத சாப்பாட்டைவிடத் தெரிந்த சாப்பாட்டிடம் உஷாராக இருங்கள். அப்புறம் ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கிவிடுங்கள். மீதி நாளெல்லாம் லாட்ஜில் அரிசி, பாசிப்பருப்பு, உப்பு, மஞ்சள்தூள்தான் என்னைக் காப்பாற்றியது. ரூமில் சமைக்கக் கூடாது என்று போர்டு இருந்தது உண்மை. மேனேஜரிடம் காகிதத்தைக் காட்டினேன், அவர் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

குக்கர் 1,450 ரூபாய். பில்லை ஆபீசில் கொடுத்தால் "தனிப்பட்ட பொருள்" என்று திருப்பிவிட்டார்கள். மற்றவர்கள் டின்னர் என்று கொண்டுவரும் பில்லில் டின்னர் மட்டுமா இருக்கிறது? அதெல்லாம் மறுநாளே பாஸாகும். ஒருவேளைக்கு 600 ரூபாய் வரை ஓட்டல் பில் தரலாமாம், 18 நாளில் நான் மிச்சப்படுத்தியதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு முறை மெயில் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி லூதியானா என்கிறார்கள்.