நீதிபதிக்கு எந்த ஊர்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் லத்தீன் மக்கள் எல்லோரும் எல்லை தாண்டி வந்தவர்கள்தானே? அவர்களுக்குக் குடியுரிமை ஒரு கேடா? டிவியில் தினமும் பார்க்கிறோமே! (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: டிவியில் பார்ப்பதுதான் வினை. கேமராவைக் கொண்டுபோய் எல்லைச் சுவரின் காலடியில் நட்டால் சுவர் ஏறுகிறவர்தான் படத்தில் விழுவார். அங்கே 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானிக் மக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள், 6.2 கோடிப் பேர். அவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் ஏற்கனவே குடிமக்கள். பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். ஆவணம் இல்லாதவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களிலும் பலர் சுவர் ஏறவில்லை. விசாவோடு விமானத்தில் வந்து, கெடு முடிந்தும் தங்கிவிட்டவர்கள்.

குடியுரிமை இருந்தால் மட்டும் விட்டுவிடுகிறார்களா? கொன்சாலோ கூரியல் என்று ஒரு நீதிபதி. பிறந்தது இந்தியானா மாநிலத்தில். அரசு வழக்கறிஞராக இருந்தபோது மெக்சிகோ போதைக் கும்பல் ஒன்றின் மேல் வழக்கு நடத்தி, கொலை மிரட்டல் வந்து, காவலோடு நடமாடியவர். 2016இல் டிரம்ப் பல்கலைக்கழகம் மீதான மோசடி வழக்கு இவரிடம் இருந்தது. அவர் மெக்சிகோக்காரர், நான் சுவர் கட்டப்போகிறவன், எனக்கு எப்படி நியாயம் கிடைக்கும் என்றார் டிரம்ப். டிவிக்குப் பல நாள் தீனி. டிரம்பின் அம்மா ஸ்காட்லாந்தில் பிறந்து கப்பலேறி வந்தவர். அதற்காக டிரம்பை ஸ்காட்லாந்துக்காரர் என்று யாராவது சொன்னார்களா? கூரியலுக்கு மட்டும் அப்பா அம்மாவின் ஊரான மெக்சிகோ ஒட்டிக்கொண்டே வருகிறது.

அப்புறம் புவேர்ட்டோ ரிக்கோ, கரீபியன் கடலில் அமெரிக்க ஆட்சியில் இருக்கும் ஸ்பானிஷ் பேசும் தீவு. அந்தத் தீவுக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவையே புரட்டிப்போட்டபோது ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். தீவுக்காரர்களும் அமெரிக்கக் குடிமக்கள்தான் என்பது அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தெரியவில்லை! நூறு வருடம் போதவில்லை பாருங்கள். தீவில் இருக்கும்வரை ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு கிடையாது; புளோரிடாவுக்கு வீடு மாறினால் உண்டு. மாறுவதற்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். மதுரைக்காரர் சென்னைக்கு டிக்கெட் எடுப்பது மாதிரிதான். அப்படி வந்து இறங்குகிறவரையும் சேர்த்துத்தான் ‘எல்லோரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.